பி.யு.சி. பெயில்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே நாலைந்து அரியர் வைக்கிறார்களாம், செல்போன்தான் காரணமாம். செல்போனுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் ஊருக்கே ஒரு பஞ்சாயத்து ரேடியோ இருந்த காலத்தில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பெயிலானார்களே, அது எதனால்? உங்கள் அப்பா, பெரியப்பாவைக் கேட்டால் தெரியும். அவர்கள் சொல்லத் தயங்குவார்கள். அதனால் நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பி.யு.சி. என்பது புகுமுக வகுப்பு. அதற்கு முன்னால் கல்லூரியில் இரண்டு வருட இன்டர்மீடியட் இருந்தது. சுதந்திரம் வந்த கையோடு 1948-49இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. பள்ளி முடித்து வருகிற பிள்ளை கல்லூரிப் படிப்புக்குத் தயாராக இல்லை, 12 வருடப் படிப்புக்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும் என்றார்கள். 1952-53இல் நம் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு, இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டு மூன்று வருடப் பட்டப்படிப்பு கொண்டுவரச் சொன்னது. அப்படித்தான் 1950களின் நடுவில் நம் பக்கம் 11 வருடம் பள்ளி, ஒரு வருடம் பி.யு.சி., மூன்று வருடம் பட்டம் என்று ஆனது. அந்த ஒரு வருடம் பாலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பாலம் சல்லடையானது.

காரணம் மொழி. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது மெட்ரிகுலேஷன் தேர்வே ஆங்கிலத்தில்தான். உயர்நிலைப் பள்ளியிலும் ஆங்கிலம், கல்லூரியிலும் ஆங்கிலம். படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதிலும் நிறையப் பேர் தோற்றார்கள். 'பி.ஏ. பெயில்' என்று போட்டுக்கொண்டால்கூட மரியாதை இருந்த காலம் அது. ஆனாலும் நடுவில் மொழி மாறவில்லை. 1930களின் கடைசியில் தொடங்கி உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் தமிழுக்கு மாறின. அது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்லூரி மட்டும் மாறவில்லை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பியது.

சுவர் எழும்பிய பிறகுதான் கூட்டம் வந்தது. காமராசர் 1954இல் முதல்வரானார். கிராமம் கிராமமாகப் பள்ளி திறந்தார்கள், மதிய உணவு போட்டார்கள். வீட்டில் யாருமே கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வந்துவிட்டார்கள். 1960களில் அவர்கள் டிரங்குப் பெட்டியோடு கல்லூரி வாசலில் நின்றார்கள்.

உள்ளே என்ன நடந்தது? முடுக்கம் என்று படித்துவிட்டுப் போன பையனுக்கு அங்கே 'ஆக்ஸலரேஷன்'. அமிலம் 'ஆசிட்' ஆனது, ஒளிச்சேர்க்கை 'ஃபோட்டோசிந்தசிஸ்' ஆனது. விஷயம் அவனுக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. பள்ளி வாத்தியார் முகத்தைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பார். கல்லூரியில் நோட்ஸ் சொல்லிக்கொண்டே போவார்கள், எழுத வேண்டியதுதான். கல்லூரி திறப்பது ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ. விடுமுறையெல்லாம் போக எட்டு மாதம்கூட மிஞ்சாது. அதற்குள் புது ஊர், புது விடுதி, புது மொழி. வருடக் கடைசியில் ஒரே பரீட்சை. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரிகளை மூடியபோது, அந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு இருந்த கொஞ்ச நாளும் குறைந்தது.

என் பெரிய அண்ணன் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவர். 1969இல் பக்கத்து நகரத்துக் கல்லூரி ஒன்றில் பி.யு.சி. சேர்ந்தார். கணக்கில் தேறிவிட்டார். ஆங்கிலமும் இயற்பியலும் போயிற்று. "மூணு மாசம் என்ன சொல்றாங்கன்னே புரியல, புரிய ஆரம்பிச்சப்போ பரீட்சை வந்துடுச்சு" என்பார். செப்டம்பரில் மறுபடி எழுதினார், ஆங்கிலம் மறுபடி போயிற்று. அப்புறம் அரிசி மில்லில் கணக்கெழுதப் போய்விட்டார். அப்பா கோபப்படவில்லை. "அவனுக்குப் படிப்பு ஏறல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும் "பையன் பி.யு.சி. வரைக்கும்" என்று சொன்னார்கள். அந்த 'வரைக்கும்' என்ற சொல் அந்தத் தலைமுறையில் எத்தனை வீடுகளில் புழங்கியது தெரியுமா? அண்ணன் கதையைப் பார்த்துத்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பாமல் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அரசாங்கத்துக்குத் தெரியாமலில்லை. சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.ஏ. தொடங்கினார்கள். தமிழில் கல்லூரிப் பாடநூல்களும் வந்தன. ஆனால் இடம் இருந்தும் பலர் சேரத் தயங்கினார்கள். தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் யாரிடமும் இல்லை. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

1978இல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. என்னைக் கேட்டால், நம் மாநிலத்தில் சத்தமில்லாமல் நடந்த பெரிய மாற்றம் அதுதான். ஒரு வருடம் இரண்டானது. கல்லூரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கே வந்தது. தமிழிலேயே படிக்கலாம். பெண் பிள்ளைகளுக்குத்தான் பெரிய லாபம். பதினாறு வயதுப் பெண்ணைத் தனியாக நகரத்துக்கு அனுப்ப மாட்டேன் என்ற வீடுகள்கூட, "இன்னும் ரெண்டு வருஷம் ஸ்கூல்தானே" என்று விட்டுவிட்டன. முதல் பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது.

ஆனால் சுவர் இடியவில்லை, இரண்டு வருடம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். 2007இல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழ் வழியில் வந்தன. 2021இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. வாசல் அகலமாகியிருக்கிறது, எல்லாம் நல்லதுதான். உள்ளே போன பிறகு முதல் ஆறு மாதம் யார் கைபிடித்துக் கூட்டிப் போகிறார்கள்?

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் இரண்டு நாள் முன்பு போன் செய்தான். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் நல்ல மார்க் வாங்கிப் பொறியியலில் சேர்ந்தவள். முதல் செமஸ்டரில் மூன்று அரியர். "நிறுத்திடலாமான்னு இருக்கு டீச்சர், அவளுக்குப் படிப்பு ஏறலையோ" என்றான். அப்பா சொன்ன அதே வார்த்தை! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நிறுத்தாதே என்றேன். ஒரு நோட்டு வாங்கி, இடது பக்கம் பிளஸ் டூவில் படித்த தமிழ்ச் சொல், வலது பக்கம் கல்லூரிப் புத்தகத்துச் சொல் என்று பாடம் பாடமாக எழுதச் சொல். பழைய பிளஸ் டூ புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதே, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும். தினமும் ஒரு கேள்விக்காவது பதிலைத் தமிழில் உனக்குச் சொல்லிக் காட்டட்டும், உனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேள். அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்றேன். சரி என்றிருக்கிறான்.

உங்களில் தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்குப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. முதல் வருடம் எந்தப் பாடம் உங்களைத் தள்ளியது, எப்படி மேலே வந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பெண்ணிடம் காட்டச் சொல்லி அவள் அப்பாவுக்கு அனுப்பி வைக்கிறேன்.