பாம்புக்கடி மருந்தும் இருளர் நமக்குச் செய்த உதவியும்

ஆரணியாற்றுப் பாசனத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊர் எங்கள் பிச்சாட்டூர். தானியம் உள்ள இடத்தில் எலி, எலி உள்ள இடத்தில் பாம்பு. 1986-இல் என் கடையில் மூட்டை தூக்கிய தம்பியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. முதலில் போன இடத்தில் மருந்து இல்லை. அடுத்த இடத்தில் ஏற்றிய மருந்தால் பிழைத்தான். அது எங்கிருந்து வந்தது என்று தேடியதன் பலனே இக்கட்டுரை.

1895-ஐ ஒட்டி பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் நாக விஷத்துக்கு முறிவு கண்டார். எல்லாப் பாம்புக்கும் அதுவே போதும் என்றும் நம்பினார். அது தவறு. விரியன் விஷத்துக்கு விரியன் முறிவுதான் கேட்கும். ஆகவே இன்று நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இதுவரை காணாத விஷத்துக்கும் உடம்பு எப்படிப் பொருத்தமான எதிர்ப்பொருள் செய்கிறது? ஜப்பானியரான தொனெகாவா 1976-இல் விடை கண்டார். 1987-இல் நோபல் பரிசு பெற்றார். மரபணுத் துண்டுகளை உடம்பு கலைத்துச் சேர்க்கிறது. வியாபாரிக் கணக்காகவே பாருங்களேன்: மனித உடம்பில் ஒரு வகைத் துண்டு சுமார் 40, இன்னொன்று 23, மற்றொன்று 6, பெருக்கினால் 5,520. இது கனமான சங்கிலிக்கு. இலேசான சங்கிலியில் சுமார் 320 வகை. இரண்டும் சேர்ந்தால் 17 லட்சத்துக்கு மேல்! ஒட்டுமிடங்களில் வரும் மாற்றங்களால் அது கோடிகளைத் தாண்டும். அவற்றுள் விஷத்தோடு பொருந்தும் அணு மட்டும் பெருகுகிறது.

1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமட்டும் செய்யும் வழி கண்டார்கள். கர்ப்பச் சோதனைக் குச்சி முதல் புற்றுநோய் மருந்து வரை அதன் பயன்தான். 2024-இல் அமெரிக்க, பெங்களூரு ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் அமைத்த கோடிக்கணக்கான மனித எதிர்ப்பொருள்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். நாகம், கட்டு விரியன் போன்றவற்றின் நரம்பு நச்சிலிருந்து அது எலிகளைக் காத்தது. விரியன் இனத்துக்கு அது உதவாது. ஆக, குதிரையை இன்னும் விட்டுவிட முடியாது.

குதிரைக்கு விஷம் தருவது யார்? இருளர்கள்! பாம்புத்தோல் வியாபாரம் தடைப்பட்டபின், 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு அவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைச் சில வாரம் வைத்து விஷம் எடுத்து, அடையாளமிட்டு, உயிரோடு காட்டில் விடுகிறார்கள். கொல்லாமையைக் குலவழக்கமாகக் கொண்ட நயினார் வீட்டில் பிறந்த எனக்கு இது பெருமகிழ்ச்சி. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கடிபட்டால் மந்திரம், கட்டு, கீறல் எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்கே ஏறும் ஒவ்வொரு புட்டியிலும் ஓர் இருளர் கைபட்ட விஷம் இருக்கலாம். நம்ம பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வளர்ப்போம்.