வைக்கோல் மட்டையும் பெருநாள் வாழ்த்தும்



நோன்புப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாழ்த்து அட்டை செய்யப் பழக்குவோம் என்று நினைத்தோம். கொண்டுவர வேண்டிய சாமான்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். பிரிஸ்டல் போட் இரண்டு நிறத்தில், மினுக்கத் தூள், கம் ஒரு போத்தல், கடையில் பக்கற்றில் விற்கிற அலங்கார மட்டை வடிவங்கள். பிறை, நட்சத்திரம், பூ என்று தடித்த மட்டையில் வெட்டி, நிறம் பூசி, மினுக்கம் ஒட்டி வருமே, அவைதான்.

அடுத்த பாடத்தன்று ஐந்து பிள்ளைகள் வரவில்லை. ஒரு பிள்ளையின் உம்மா மாத்திரம் பாடசாலை வாசலுக்கு வந்தார். "அடுத்த கிழமை எப்படியும் வாங்கிக் குடுக்கிறன், அதுவரைக்கும் புள்ளைய ஏசிப் போடாதீங்க" என்றார். பிழை அவருடையதல்ல, எங்களுடையது. கழிவுப் பொருளில் ஆக்க வேலை செய்வது பற்றி ஆசிரியர் கலாசாலையில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியவர்கள் நாங்கள். வகுப்பறைக்கு வந்ததும் கடைப் பட்டியலைத்தான் எழுதியிருக்கிறோம்.

பட்டியலை அழித்தோம். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு மட்டையின் வரலாற்றைச் சொன்னோம். சொல்லச் சொல்ல எங்களுக்கே பல விடயங்கள் புதிதாகத் தெரிந்தன. ஊரவர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் காகிதம். சீனாவில் கி.பி. 105ஆம் ஆண்டளவில் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி மரப்பட்டை, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை ஊறவைத்து, இடித்து, கூழாக்கித் தாள் செய்யும் முறையைச் சீர்ப்படுத்தினார் என்பது வரலாறு. கவனியுங்கள், காகிதம் தொடக்கத்திலிருந்தே கழிவுப் பொருளில் பிறந்ததுதான்.

751இல் நடந்த தலாஸ் போரில் பிடிபட்ட சீனக் கைதிகள் மூலம் இந்தக் கலை முஸ்லிம்களுக்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. மத்திய ஆசியாவில் காகிதம் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்ததால், இன்றைய ஆய்வாளர்கள் பலர் அக்கதையை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் சமர்கந்து காகிதத்துக்குப் பேர்போன ஊராக இருந்ததும், 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாரூன் அல் ரஷீதின் காலத்தில் பக்தாதில் காகிதம் அரச அலுவலகங்களுக்குள் வந்ததும் உண்மை. தோலில் எழுதியதைச் சுரண்டி மாற்றி எழுதலாம். காகிதத்தில் மை ஊறிவிடும், மாற்றினால் தெரிந்துவிடும். கணக்கு வழக்குக்குக் காகிதம் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். பக்தாதில் காகிதக்காரர்களுக்கென்றே 'சூக் அல் வர்ராக்கீன்' என்ற கடைத்தெரு இருந்தது. அங்கே நூறுக்கு மேற்பட்ட கடைகள் இருந்ததாக யஃகூபி என்ற 9ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் எழுதியிருக்கிறார்.

இனித்தான் நமது மட்டை வருகிறது. ஆரம்பத்தில் நூல்களுக்கு மரப்பலகையில் அட்டை போட்டார்கள். பாரம் அதிகம், செலவும் அதிகம். முஸ்லிம் நூல்கட்டுநர்கள் பழைய, பாவித்த தாள்களை மாப்பசையால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, பாரம் வைத்து அழுத்திக் காயவைத்து மட்டை ஆக்கினார்கள். மரத்தைவிட இலேசு, அதே நேரம் உறுதி. இன்று ஆய்வாளர்கள் பழுதடைந்த பழைய நூலட்டைகளைப் பிரித்துப் பார்க்கும்போது, உள்ளே கடிதங்கள், கணக்குத் துண்டுகள், வேறு நூல்களின் பக்கங்கள் கிடைக்கின்றன. யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய தாள் இன்னொரு நூலைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்த மட்டையின் மேல் அவர்கள் செய்த அலங்காரத்தையும் பார்க்க வேண்டும். மேலே தோல் போர்த்தி, நடுவில் வாதுமைக் கொட்டை வடிவில் ஒரு பதக்கம், நான்கு மூலைகளிலும் மூலைப்பூ. உலோக அச்சால் அழுத்தி, பொன்பூச்சும் கொடுத்தார்கள். அட்டையின் உட்பக்கத்தில் தோலைச் சன்னல் வலைபோல் நுணுக்கமாக வெட்டி, நிறத்தாளின் மேல் ஒட்டினார்கள். நீல நிறம் கீழேயிருந்து தெரியும். மட்டை, தோல், நிறத்தாள், பொன் எல்லாம் ஒரே வேலையில். கடையில் இன்று 'மிக்ஸ்ட் மீடியா' என்று பெயர் போட்டு விற்பதை 15ஆம் நூற்றாண்டில் ஹெராத் நகரத்தில் செய்து முடித்துவிட்டார்கள்.

அதே ஹெராத்தில் சுல்தான் ஹுஸைன் பைகராவின் ஆட்சியில் (1469–1506) இன்னொரு வேலையும் நடந்தது. சுல்தானின் கவிதைத் தொகுப்பு ஒன்றை மையால் எழுதவில்லை. எழுத்துகளைத் தாளில் வெட்டியெடுத்து வேறு நிறத் தாளில் ஒட்டியிருக்கிறார்கள். அதன் பக்கங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. இந்த வெட்டுக்கலை துருக்கிக்குப் போய் 'காத்தி' என்ற பெயரில் வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்சா நகரத்து ஃபஹ்ரி என்பவர் தாளில் பூந்தோட்டங்களையே வெட்டிப் புகழ் பெற்றார்.

நூலுக்குக் காகித மட்டை போடும் முறை 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலும் பரவத் தொடங்கியது. அச்சியந்திரம் வந்து நூல்கள் பெருகிய காலம் அது. இலேசான, மலிவான அட்டை அவர்களுக்கும் தேவைப்பட்டது.

வாழ்த்து அட்டை அதற்குப் பிறகு வந்த கதை. இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. 1843இல் ஹென்றி கோல் என்பவர், வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாமல், ஜோன் ஹோஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு நத்தார் அட்டை வரைவித்து அச்சடித்தார். விலை ஒரு ஷில்லிங். அன்றைய கூலிக்காரனுக்கு அது பெரிய காசு.

அமெரிக்காவில் மசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் என்ற ஊரில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற இளம்பெண் 1840களின் இறுதியில் கையால் அட்டை செய்யத் தொடங்கினார். அவர் செய்தவை காதலர் தின அட்டைகள். அந்த நாளைப் பற்றி இங்கே நாங்கள் பேச வரவில்லை, கைவேலையைப் பற்றித்தான் பேசுகிறோம். 200 டொலருக்கு விற்றால் போதும் என்று நினைத்தவருக்கு 5,000 டொலருக்கு மேல் கேள்வி வந்ததாகச் சொல்வார்கள். தோழிகளை மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, ஒருவர் பூ வைக்க என்று வேலையைப் பிரித்தார். சரிகைத் தாளுக்குக் கீழே நிறத்தாள் வைத்து, மடித்த தாளால் அதைச் சற்றே உயர்த்தி எழும்பி நிற்க வைத்தார். நம் பிள்ளைகள் வடிவத்துக்குக் கீழே சிறு மட்டைத் துண்டு வைத்து எழுப்புவதும் அதே உபாயம்தான்.

1879இல் நியூயோர்க்கில் ரொபர்ட் கெயார் என்பவரின் அச்சகத்தில், தாளை மடிப்பதற்கு வைத்திருந்த உலோகத் தகடு ஒன்று தவறி உயர்ந்திருந்து தாளை வெட்டிவிட்டது. வெட்டுவதையும் மடிப்புக் கோடு போடுவதையும் ஒரே அழுத்தத்தில் செய்யலாம் என்று அவருக்கு அப்போது விளங்கியது. மடிக்கும் மட்டைப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் மலிவாக வரத் தொடங்கியது அப்படித்தான். இன்று நாம் குப்பையில் போடுகிற பிஸ்கட் பெட்டி அந்த வழி வந்தது.

பெருநாள் அட்டைகள் இந்தியத் துணைக்கண்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவின. ரயிலும் தபாலும் அச்சகமும் சேர்ந்து செய்த வேலை அது. ஐரோப்பாவில் அச்சான அட்டைகளின் மேல் 'ஈத் முபாரக்' என்று உருதுவில் பின்னர் அச்சடித்தும் விற்றார்கள். இலங்கைக்குத் தபால் முத்திரை வந்தது 1857இல். எங்கள் சிறு வயதிலும் பெருநாளுக்கு முன் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றிருக்கிறோம். இப்போது ஒரே படத்தை இருநூறு பேருக்கு அனுப்புகிறோம். யார் அனுப்பினார் என்று பெருநாள் மறுநாள் கேட்டால் நினைவிருப்பதில்லை.

நமது மாகாணத்துக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1950களில் வாழைச்சேனையில் காகித ஆலை அமைந்தபோது, சுற்றுவட்ட வயல்களின் வைக்கோல்தான் அதன் முக்கிய மூலப்பொருள். சூடு அடித்த பின் எரித்து விடுகிற வைக்கோல் தாளாகி வந்தது. யுத்தமும் நட்டமும் அந்த ஆலையை முடக்கிப் போட்டன. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். தாளை வெளியிலிருந்து வாங்க டொலர் இல்லை. வைக்கோல் மாத்திரம் வயலில் எரிந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள்" என்றோம். சட்டைப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, பழைய கொப்பி மட்டை எல்லாம் வந்தன. அந்த ஐந்து பிள்ளைகளும் வந்தார்கள். கோதுமை மாவில் பசை காய்ச்சினோம். நூல் கட்டுபவர்கள் பூச்சி வராமல் அதில் துருசு கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகளின் கைக்கு வேண்டாம். மட்டையை இரு பக்கமும் வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடிப்பை வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். அப்போது மடிப்பு வெடிக்காது. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் மட்டை சுருண்டுவிடும். மறுபக்கமும் ஒட்டி, புத்தகங்களை மேலே அடுக்கி ஓர் இரவு வைக்க வேண்டும்.

ஒரு பிள்ளை தன் பழைய கணிதக் கொப்பித் தாள்களை ஏழெட்டாக ஒட்டித் தானே மட்டை செய்தாள். அதில் வாதுமைப் பதக்கம் வெட்டி, மேலே ராத்தாவின் பழைய உடுப்புத் துணியும் சொக்கலட் தாளும் ஒட்டினாள். வெட்டிய ஓரத்தில் அவளுடைய கூட்டல் கணக்கு கொஞ்சம் தெரிந்தது. பழைய நூலட்டைகளுக்குள் கணக்குத் துண்டுகள் கிடந்ததாகச் சொன்னோமே, அது எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது. வாசலுக்கு வந்து எங்களிடம் தவணை கேட்ட அந்த உம்மாவின் மகள்தான் அவள்.

அட்டையைக் கட்டாரில் வேலை செய்யும் வாப்பாவுக்குத் தபாலில் அனுப்பினாள். போய்ச் சேரும்போது பெருநாள் முடிந்து ஒன்பது நாள். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒட்டியது அட்டையின் முன்பக்கமல்ல, மகள் கையால் எழுதியிருந்த உட்பக்கம்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. உங்கள் பிள்ளைக்குப் பக்கற் வாங்கிக் கொடுக்க முன், வீட்டில் ஒரு சட்டைப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மூத்தம்மாவின் அலுமாரியில் பழைய பெருநாள் அட்டைகள் இருந்தால் வீசிவிடாதீர்கள். எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள், வகுப்பில் வைத்துக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.