சயாம் இருப்புப்பாதையும் சான்றில்லா மாந்தரும்

1946 சனவரி இறுதியில் நூரம்பர்க்கு நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தவர்களுள் பிரான்சிசுகோ போயிசு என்னும் இளைஞரும் ஒருவர். பார்சிலோனாவில் பிறந்த இவர், ஆசுதிரிய நாட்டு மௌத்தௌசன் வதைமுகாமில் கைதியாயிருந்து, அம்முகாமின் ஒளிப்படக் கூடத்தில் வேலை செய்தவர். காவற்படையினர் எடுத்துவைத்த படங்களின் சுருள்களைத் தம் தோழர்களோடு சேர்ந்து மறைத்தார். வெளிவேலைக்குச் சென்ற கைதிச் சிறுவர்கள் அவற்றை ஊருக்குள் கடத்தினர். அன்னா பாயிண்ட்னர் என்னும் பெண்மணி தம் தோட்டச் சுவரில் ஒளித்துக் காத்தார். முகாமின் கொடுமைகளை அறியேன் என்று சாதித்த கால்டன்புருன்னர் அங்கே வந்து நின்ற காட்சியும் அப்படங்களில் இருந்தது. 2018இல் மார் தர்கரோனா இயக்கத்தில் வெளிவந்த இசுபானியத் திரைப்படம் இவ்வரலாற்றையே சொல்கிறது.

அப்படத்தைக் காணும் தமிழர் நெஞ்சில் ஒரு வினா எழுதல் இயல்பு. அதே போர்க்காலத்தில் கீழ்த்திசைக் காடுகளில் மாண்ட தமிழருக்குச் சான்று காத்தவர் யாவர்?

தஞ்சைச் சீமையின் நிலமற்ற உழவர் பலர் கங்காணிகளின் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒரத்தநாட்டுப் பக்கத்தார்க்கு அத்துறை தொலைவன்று. 1938இல் இந்திய அரசு அவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குள் போனவர் போனவரே. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. சப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடத் தொடங்கினர். கூலியும் உணவும் உண்டு என்று ஆசை காட்டியும், பின்னர் வளைத்துப் பிடித்தும் தோட்டத் தமிழரைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றினர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

இப்பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகளிடையே போயிசுகள் பலர் இருந்தனர். ஆத்திரேலியப் படைவீரர் சார்ச்சு ஆசுபினால் ஒரு மடிப்பு ஒளிப்படக் கருவியைக் காவலர் கண்ணில் படாமல் வைத்திருந்து முகாம் காட்சிகளைப் பதிந்தார். சாக் சாக்கர் தம் ஓவியங்களை மூங்கிற் குழாய்களில் ஒளித்தார். ரொனால்டு சேர்ல் கையாண்ட வழி வியப்பிற்குரியது. வாந்திபேதி கண்டவர்களின் படுக்கைக்கு அடியில் தம் தாள்களை வைத்தார். காவலர் அங்கே நெருங்க அஞ்சினர். நோயே பெட்டகமாயிற்று.

தமிழ்த் தொழிலாளர்க்குக் கருவி இல்லை, தாள் இல்லை, பலர்க்கு எழுத்தும் இல்லை. படைப்பிரிவு என்றோ அதிகாரி என்றோ கணக்கு வைப்பாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது கைதிகளின் முகாம்களிலேனும் மருத்துவர் இருந்தனர். தமிழர் கொட்டகைகளில் பெரும்பாலும் எவரும் இலர். அவ்வாண்டு சூன் முதல் சாங்கிச் சிறைமுகாமிலிருந்து 'கே', 'எல்' என்னும் இரு மருத்துவக் குழுக்கள் ஆசியத் தொழிலாளரிடையே அனுப்பப்பட்டன. அவர்களின் குறிப்புகளிலும், மருத்துவர் இராபர்ட்டு கார்டியின் மறைநாட்குறிப்பு போன்றவற்றிலும் நம்மவர் பிறர் கண்வழியே தோன்றுகின்றனர். அங்கும் பெயரின்றியே தோன்றுகின்றனர்.

எண்ணிக்கையே இவ்வேறுபாட்டைக் காட்டும். ஏறத்தாழ 60,000 கைதிகளுள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகர் எனத் திரட்டப்பட்ட ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 என்பது ஒரு மதிப்பீடு. அதனினும் மிகுதி என்பாரும் உளர். முன்னது பட்டியல், பின்னது தோராயம். மராட்டியர் காலச் சத்திரங்களின் வரவுசெலவை மோடி ஆவணங்கள் இன்றும் சொல்கின்றன. முத்தாம்பாள் சத்திரம் நிற்கும் ஒரத்தநாட்டுக்கு இது புதுச்செய்தியன்று. சோற்றுக்குக் கணக்கு எழுதிய நாட்டின் மக்கள் செத்ததற்குக் கணக்கில்லை.

இவ்விடத்தை ஓரளவு நிரப்பியவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே. 1993இல் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வந்தது; பின்னர் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. புதினம் நீதிமன்றத்தில் ஏறாது. ஆயினும் தப்பி மீண்டவர்கள் தோட்டத்து லயங்களில் மாலை நேரங்களில் சொன்னவை வேறெங்கும் ஏறவில்லை. தமிழ்நாட்டு இலக்கிய உலகம் இந்நூல்களை மிகக் காலந்தாழ்த்தியே கண்டுகொண்டது என்று சொல்லத்தான் வேண்டும்.

2023இல் காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் மலேசியத் தமிழர் முயற்சியால் நடுகல் ஒன்று எழுந்தது. மாண்டவரின் பெயரைக் கல்லிற் பொறிப்பது நடுகல் மரபு. இங்குப் பொறிப்பதற்கு முழுமையான பெயர்ப்பட்டியல் எவரிடமும் இல்லை.