உளி பிடிக்கக் கற்கும் காலத்துக்குக் கூலி

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் உளி பிடிக்கிற எங்கள் எல்லோருக்கும் அது பெருமை. அதன்பிறகு பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் முதலில் கேட்டது, "தொழில் கத்துக்க எவ்ளோ ஆவுங்க?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இந்தத் தொழிலைக் கற்கும் செலவை இதுவரை யார் சுமந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பட்டறையில் கட்டணம் என்ற பழக்கம் இருந்ததில்லை. நல்ல நாள் பார்த்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு முடிந்த காணிக்கையை வைத்துக் குருவை வணங்கினால் போதும். செலவு அதற்குப் பிறகுதான் தொடங்கும். முதலில் பட்டறையைக் கூட்ட வேண்டும், கட்டை உருட்ட வேண்டும், சாணைக்கல்லில் உளி தீட்டிப் பழக வேண்டும். பிறகு கழிவுக் கட்டையில் கொடியும் தாமரை இதழும். அப்புறம் பீடம், திருவாசி, யாளி. முகம் கடைசியில்தான் கைக்கு வரும். அதுவரை கூலி கிடையாது. நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். அந்த வருடங்களில் எனக்குச் சோறு போட்டது என் அக்கா நாற்று நட்டுச் சம்பாதித்த கூலி. நான் கட்டிய படிப்புக் கட்டணம் அதுதான்.

ஏன் இத்தனை காலம் பிடிக்கிறது? வாகை, மாவிலங்கம், வேம்பு, அத்தி, தேக்கு என்று நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ரேகை வேறு. நேராக ஓடும் ரேகை கணுவுக்குப் பக்கத்தில் வந்ததும் சுழலும். அங்கே எதிர்ப்பக்கம் உளி வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால் சில்லு பெயர்ந்துவிடும். பெயர்ந்தது அம்மனின் மூக்கு என்றால், அதுவரை செய்த வேலையோடு முழுக் கட்டையும் வீண். அளவும் அப்படித்தான். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் உருவத்தின் உயரத்தை 124 அங்குலமாகப் பிரிக்கிறோம். இந்த அங்குலம் அளவு நாடாவில் இருப்பதல்ல. உருவத்தின் உயரம் மாறினால் இதுவும் மாறும். இது கையில் படிய வேண்டுமானால் பல கட்டைகள் பாழாகத்தான் வேண்டும். ஆசாரிமார் தம் பிள்ளைக்கும் பங்காளி பிள்ளைக்கும் மட்டும் கற்றுக்கொடுத்ததற்குச் சாதி ஒரு காரணம். பாழாகும் மரத்தின் விலை இன்னொரு காரணம். சொந்தப் பிள்ளை கெடுத்தால் வீட்டு நஷ்டம் என்று பொறுத்துக்கொள்வார்கள். வெளிப்பிள்ளைக்கு யார் பொறுப்பது?

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பழகட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார். காமராசர் 1954இல் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அது சரியான முடிவு. ஆசாரி மகன் படித்து எந்த வேலைக்கும் போக வேண்டும். விருப்பமுள்ள எவர் மகளும் மகனும் உளி பிடிக்க வர வேண்டும்.

முதல் பாதிக்குப் பள்ளிகள் வந்தன. இரண்டாம் பாதி அரைகுறையாக நிற்கிறது. மாமல்லபுரத்தில் 1957இல் அரசு சிற்பப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று அது கல்லூரி. தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு கற்கலாம். 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம், கற்கும் காலத்திலேயே உதவித்தொகை தர வேண்டும் என்ற நல்ல கொள்கையைக் கொண்டுவந்தது. ஆனால் மூன்று நான்கு பேர் வேலை செய்யும் எங்கள் பட்டறைகளை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

2023 செப்டம்பரில் மத்திய அரசு கைவினைஞர்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், இரண்டு தவணையாக 3 லட்சம் வரை கடன். மேல்நிலைப் பயிற்சி 15 நாள் என்றால் கைக்கு வருவது 7,500 ரூபாய். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35 ஆக்க வேண்டும் என்று தமிழக அரசு கேட்டது. மத்திய அரசு ஏற்கவில்லை. 2025 ஏப்ரலில் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது: 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். பிறப்பைக் கேட்காத அந்த ஏற்பாட்டை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இரண்டு திட்டங்களும் தொழில் தெரிந்தவனுக்குத்தான். பள்ளி முடித்துவிட்டு, தெரியாத தொழிலைக் கற்க வருகிற பிள்ளைக்கு இரண்டிலும் இடமில்லை.

இதில் அதிகம் இழப்பது கல்வராயன் மலைப் பிள்ளைகள். மரத்தைப் பட்டையைப் பார்த்தே இன்னதென்று சொல்லும் பிள்ளைகள் அவர்கள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் பழகிய பையன் ஒருவன், தாமரை இதழை அழகாகக் கொத்தக் கற்றிருந்தான். தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் தாங்காமல் பாதியில் வெளியூர்க் கூலிவேலைக்குப் போய்விட்டான். அவன் கையில் குறையில்லை, வீட்டில் பணமில்லை.

பெற்றோருக்கு நான் சொல்வது: உளிகளை ஒரேயடியாக வாங்காதீர்கள். முதலில் சில உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு சாணைக்கல் போதும். பணத்தைச் சாப்பாட்டுக்கும் மரத்துக்கும் ஒதுக்குங்கள். குருவிடம், எத்தனை மாதத்தில் கூலி தொடங்கும் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும், அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாருக்கும் ஒரு வேண்டுகோள். எந்த வீட்டுப் பிள்ளையானாலும், கற்கும் இரண்டு ஆண்டுக்கு மாத உதவித்தொகை, பழக மரம், மலைப் பிள்ளைகளுக்குக் கள்ளக்குறிச்சியில் தங்குமிடம் மூன்றும் கொடுங்கள். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். தொழிலைக் காப்பாற்றப் புதிய கைகள் வேண்டும். அவை பழகும் வரை யாராவது சோறு போட்டாக வேண்டும்.