ஆன்லைன் வகுப்பு: கேமரா ஆஃப் என்றால் கவனமும் ஆஃபா?

"எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க!" 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்ட பிறகு அடிக்கடி கேட்ட குரல் இது. ஆன்லைன் வகுப்புகளில் இன்றும் கேட்கிறது. ஆனால் அந்தக் கருப்புக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பது சோம்பல் மட்டும்தானா?

டேட்டா கணக்கு என்ன சொல்கிறது?

தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்றின்படி (2017-18), இணைய வசதி இருந்த வீடுகள் நகர்ப்புறத்தில் 42%, கிராமப்புறத்தில் சுமார் 15%தான். கணினி இருந்த கிராமப்புற வீடுகள் வெறும் 4%. அதனால் பலருக்கு வகுப்பறையே மொபைல்தான்.

விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ, ஒரு மணி நேரத்தில் சுமார் 450 எம்பி இழுக்கும். தினசரி 1.5 ஜிபி பேக் மூன்றரை மணி நேரத்துக்குள் காலி! அதுவே விநாடிக்கு 64 கிலோபிட் ஆடியோ மட்டும் என்றால், மணிக்கு சுமார் 29 எம்பி போதும்.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

* லைவ் நேரத்தைக் குறைக்கலாம்: பாடத்தை 10 நிமிட ஆடியோவாகவும் பிடிஎஃப் ஆகவும் முந்தைய நாளே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, லைவில் சந்தேகங்களை மட்டும் பேசலாம்.

* "புரிஞ்சுதா?" என்று கேட்க வேண்டாம்: அதற்கு எப்போதும் "யெஸ் சார்"தான் பதில். நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வியைப் போட்டு, விடை எண்ணை மட்டும் சாட்டில் டைப் பண்ணச் சொல்லுங்கள். பலர் எங்கே தவறுகிறார்களோ, அங்கே மறுபடி நடத்தலாம்.

* ஐந்து பேர் கொண்ட குழு: சிக்னல் போன மாணவரை சாதாரண போன் காலில் அழைத்துச் சொல்ல ஒரு நண்பராவது இருப்பார்.

இலவசமாக என்ன இருக்கிறது?

ஸ்வயம் பிரபா கல்வி சேனல்களை, மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷில் இணையம் இல்லாமலே பார்க்கலாம். ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் வீடியோக்களும் இலவசம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40% வரை ஸ்வயம் தளத்தில் படிக்க, யுஜிசியின் 2021 விதிமுறை அனுமதிக்கிறது.

வருகைப்பதிவு?

இதுதான் முக்கியமான கேள்வி. பல பல்கலைக்கழகங்களில் 75% வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. கேமராவைப் பார்த்து வருகை போட்டால், டேட்டா தீர்ந்தவருக்கு ஆப்சென்ட். ஆன் பண்ணிவிட்டுத் தூங்குபவருக்கு பிரசென்ட். அன்று மாலைக்குள் அனுப்பும் இரண்டு வரிப் பதிலை வருகையாகக் கணக்கிட நிர்வாகம் சம்மதித்தால், மாணவரின் தேர்வை டேட்டா பேக் முடிவு செய்யாது.