ருய் லோபஸ் திறப்பு

சதுரங்கத் திறப்புகளில் ஒன்று. ஸ்பானிய ஆட்டம் என்றும் பெயர். 1561இல் சதுரங்க நூல் வெளியிட்ட பாதிரியார் ருய் லோபஸ் தெ செகுராவின் பெயரால் வழங்குகிறது. இருதரப்பு ராஜாவின் சிப்பாய்களும் இரண்டு கட்டம் முன்னேறியபின், வெள்ளைக் குதிரை எதிரிச் சிப்பாயைத் தாக்கும். கறுப்பு ராணிப்பக்கக் குதிரை அதைக் காக்கும். மூன்றாம் நகர்வில் வெள்ளை பிஷப் அந்தக் காவல் குதிரையைக் குறிவைக்கிறது.

உடனே குதிரையை வெட்டிச் சிப்பாயையும் பறிப்பதில் லாபமில்லை. புதியவர்கள் சறுக்கும் இடம் இதுவே: கறுப்பு தன் ராணிச் சிப்பாயால் பிஷப்பை வெட்டியிருந்தால், வழி திறந்த ராணி நடுக்களத்தில் இறங்கி, வெள்ளைக் குதிரையையும் சிப்பாயையும் ஒருசேரத் தாக்கி, இழந்ததை மீட்டுவிடும். மையத்தின்மீது நீண்ட அழுத்தம் தருவதே திறப்பின் உண்மையான நோக்கம்.

இத்திறப்புக்குக் கறுப்பு தரும் பதில்களில் ஒன்றான, ராணிகள் விரைவில் வெட்டுப்படும் பெர்லின் தற்காப்பைக் கொண்டு, 2000இல் லண்டனில் கிராம்னிக் காஸ்பரோவைக் கட்டிப்போட்டு உலகப் பட்டம் வென்றார்.