உறுமி மேளம் (பேராக்)

மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழரின் கோயில் திருவிழாக்களிலும் காவடி ஊர்வலங்களிலும் முழங்கும் தோற்கருவிக் குழு உறுமி மேளம். இடை சிறுத்த இருமுகக் கருவியான உறுமியே இதற்குத் தலைமை. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால் நீண்ட உறுமலும், மறுமுகத்தை மெல்லிய குச்சியால் அடித்தால் கூரிய ஓசையும் எழும். தமிழ்நாட்டு நையாண்டி மேளத்தில் நாகசுரத்துக்கும் தவிலுக்கும் துணையாக ஒலிக்கும் உறுமி, மலேசியாவில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. நாகசுர வித்துவானை அமர்த்த வசதியில்லாத தோட்டத்துச் சிறு கோயில்களே இதற்குக் காரணம் என்று கொள்வது பொருந்தும். இதை வெறும் ஆரவாரமாக எண்ணுவோர் பலர். உண்மையில் இது, பள்ளிக்கூடம் இல்லாமலே தலைமுறைகளைக் கடந்து வந்த ஓர் இசைக்கல்வி.

1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருந்தொழிலானபோது, தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு பகுதிகளிலிருந்து, கூலியாட்களைச் சேர்க்கும் மேற்பார்வையாளர்களான கங்காணிகள் தோட்டங்களுக்கு ஆள் திரட்டினார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. வந்தவர்கள் மாரியம்மனுக்கும் முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் தோட்டங்களில் கோயில் எழுப்பினார்கள். விடியலில் பால்மரம் சீவியவரே திருவிழா இரவில் மேளக்காரர். 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்குவதற்காக, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆயினும் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. மக்கள் புந்தோங் போன்ற ஈப்போ வட்டாரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தார்கள். தோட்டத்தோடு மேளமும் அழியும் என்று எதிர்பார்த்திருந்தால் அது நியாயமே. நடந்ததோ வேறு. நகரத்து இளைஞர்கள் குழு அமைத்தார்கள். தைப்பூசத்தில் ஈப்போவின் குனோங் சீரோ சுப்பிரமணியர் கோயிலை நோக்கிச் செல்லும் காவடிகளுக்கு இன்றும் உறுமியே துணை.

பயிற்சி எளிதானதன்று. இளையவர் முதலில் கேட்கிறார், பிறகு துணைக்கருவியில் தாளம் பிசகாமல் பிடிக்கிறார், அதன் பின்பே உறுமியைத் தொடுகிறார். கையைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். காவடி எடுப்பவரின் நடை தளர்ந்தால் தாளத்தின் வேகம் குறைய வேண்டும். அருள் வந்தவரின் உடல் அதிரத் தொடங்கினால் அடி இறுக வேண்டும். மலையேறும்போது ஒன்று, நின்று ஆடும்போது ஒன்று. தெய்வத்துக்குத் தெய்வம் அடி, அதாவது தாளக்கட்டு, மாறும். மணிக்கணக்கில் நடந்துகொண்டே, முன்னால் இருக்கும் மனிதரைப் பார்த்து நொடிக்கு நொடி முடிவெடுக்கும் இந்தத் திறனைக் கல்வி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

எழுத்தில் பதிந்த பாடத்திட்டம் இல்லாததைக் கல்வி என்பதா என்று கேட்பார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரின் கதை இதற்கு விடை தரும். ஜாஸ் மேளக்காரர் பேபி டாட்ஸ் தெரு ஊர்வலங்களிலும் சவ ஊர்வலங்களிலும் வாசித்துத் தேறியவர். 1923இல் கிங் ஆலிவர் குழுவின் இசைத்தட்டுகளில் வாசித்து, பின்வந்த மேளக்காரர்களுக்கு முன்னோடியானார். ஊர்வலத்தில் இருவர் வாசித்த பெரிய மேளமும் சிறிய மேளமும் ஒருவர் கைக்கும் காலுக்கும் வந்து சேர்ந்ததே இன்றைய டிரம் செட். தெரு கற்பித்ததைத்தான் உலகம் இன்று கல்லூரிகளில் பயில்கிறது. மற்றொரு மறுப்பு இதைவிட வலுவானது: சினிமாப் பாட்டு, காது கிழியும் ஓசை, குழுக்களுக்கிடையே போட்டி, சில இடங்களில் குண்டர் கும்பலின் நிழல். இவை கற்பனையல்ல. சிங்கப்பூர் 1973இல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை விதித்ததும் ஒழுங்குப் பிரச்சினையைக் காட்டித்தான். ஆனால் 2016இல் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அங்கே மீண்டும் அனுமதி கிடைத்தது. முறைப்படுத்தினால் போதும் என்பதற்கு அதுவே சான்று. பிழை கூட்டத்தை நடத்தும் விதத்தில் இருக்கிறது, கருவியில் இல்லை. ஒழுங்குள்ள ஆசான் இருக்கும் குழுவில்தான் பிள்ளைகள் கட்டுப்பாட்டையும் கற்கிறார்கள். மேளத்தை விலக்கிவிட்டால் அந்த ஆசானையும் இழப்போம்.

தோட்டத்து அடிகளை நேரில் கற்றவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பேராக் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிகளும் அவர்களை அழைத்து, எந்தத் தெய்வத்துக்கு எந்த அடி, அது எந்தத் தோட்டத்தில் வழங்கியது என்பதை அவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.